ஓமர் ஃபாஸ்டின் 30 நிமிடப் படம்: ட்ரோன் கேமரா எதைக் காட்டுகிறது, எதை விழுங்குகிறது

லாஸ் வேகஸ் ஓட்டல் ஒன்றில் 2010 செப்டம்பரில் வீடியோக் கலைஞர் ஓமர் ஃபாஸ்ட் ஒருவரைச் சந்தித்துப் பேட்டி எடுத்தார். அமெரிக்காவின் பிரிடேட்டர் ட்ரோனில் சென்சார் ஆபரேட்டராக, அதாவது கேமராவையும் லேசரையும் இயக்குபவராக, வேலை பார்த்தவர் அவர். கேமரா ஓடும்போது வேலையின் தொழில்நுட்பத்தையும் அன்றாட நடைமுறையையும் மட்டும் பேச ஒப்புக்கொண்டார். கேமரா நின்ற பிறகு, ஆயுததாரிகளோடு பொதுமக்களும் ஏவுகணைக்கு இரையான சம்பவங்களைச் சுருக்கமாகச் சொன்னார். கேமராவுக்கு முன்னால் சொன்னது ஒன்று, அது இல்லாதபோது சொன்னது ஒன்று. இந்தப் பிளவின் மேல்தான் 'ஃபைவ் தவுசண்ட் ஃபீட் இஸ் த பெஸ்ட்' (5,000 அடியே மிகச் சிறந்தது) படம் முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது. 2011-இல் வந்த படம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ட்ரோன் போரைப் பற்றிய படங்களில் அந்தக் கருவியின் பார்வையை இவ்வளவு துல்லியமாகப் பிடித்த படம் அரிது. தெளிவாகத் தெரியும் ஒரு காட்சி எப்படித் தவறான முடிவுக்கு இழுத்துச் செல்கிறது என்பதைப் பாடம் நடத்தாமல் காட்டிவிடுகிறது. ஆனால் செத்தவர்கள் யார், அவர்கள் எங்கே இருந்தார்கள் என்ற கேள்வி வரும்போது படம் நழுவிக்கொள்கிறது. இந்தக் குறை சின்னதல்ல, பின்னால் வருகிறோம்.

படத்தின் அமைப்பு இப்படி: மங்கலான ஓட்டல் அறையில் ஒரு பேட்டி. டெனிஸ் ஓஹேர் ட்ரோன் பைலட்டாக நடிக்கிறார். பேட்டி எடுப்பவர் கேள்வி கேட்கிறார்; இவர் சம்பந்தமே இல்லாத ஒரு கதையை ஆரம்பிக்கிறார். கதை முடிந்ததும் அறையைவிட்டு நடைக்கூடத்துக்குப் போகிறார், திரும்ப வருகிறார், பேட்டி கிட்டத்தட்ட அதே வசனங்களோடு மறுபடி தொடங்குகிறது. இப்படி மூன்று சுற்று. இடையிடையே உண்மையான ஆபரேட்டரின் குரல், முகம் கலங்கலாக்கப்பட்டு. அந்தக் குரலின் மேல் அமெரிக்க ஊர்களை வானத்திலிருந்து எடுத்த காட்சிகள். நெவாடா புறநகரில் சைக்கிள் ஓட்டிப் போகும் ஒரு சிறுவனை மேலிருந்து கேமரா தொடர்கிறது. இரவு லாஸ் வேகஸ் ஒளிப்புள்ளிகளாக விரிகிறது.

படத்தின் தலைப்பு அந்த ஆபரேட்டரின் வாயிலிருந்து வந்ததுதான். 5,000 அடியில் பறக்கும்போது தனக்கு ரொம்பப் பிடிக்கும் என்கிறார். ஒரு மைல் தூரத்திலிருந்தே ஒருவர் போட்டிருக்கும் காலணி எந்த வகை, உடை என்ன, தாடி இருக்கிறதா, முடி என்ன நிறம் என்பதெல்லாம் சொல்லிவிடலாம் என்கிறார். தன் கருவியை நேசிக்கும் தொழிலாளியின் பெருமை அந்தக் குரலில் இருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்லும் தெளிவு எந்த நிபந்தனையில் கிடைக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் படத்தின் ஆழம் புரியும்.

5,000 அடி என்பது 1,524 மீட்டர், ஒரு மைலுக்குச் சற்றுக் குறைவு. பிரிடேட்டர் 25,000 அடி வரை ஏறக்கூடியது. இலக்கின் நேர் மேலே நின்று பார்ப்பதில்லை, வட்டமடித்துக்கொண்டே சாய்வாகப் பார்க்கும். 5,000 அடி உயரத்தில், கிடைமட்டமாக 3 கிலோமீட்டர் தள்ளி வட்டமடித்தால் கேமராவுக்கும் ஆளுக்கும் உள்ள தூரம் சுமார் 3.4 கிலோமீட்டர். கீழே இறங்கி நெருங்கினால் படம் தெளியும். ஆனால் 115 குதிரைத்திறன் ரோடாக்ஸ் எஞ்சினின் சத்தம் தரையில் கேட்கத் தொடங்கும், கீழே இருப்பவர்கள் கலைந்துவிடுவார்கள். ஆகவே அந்த 'மிகச் சிறந்த' உயரம் எப்போதும் வாய்ப்பதில்லை.

இனி பிக்சல் கணக்கு. வீடியோவின் அகலம் 640 பிக்சல், பழைய தொலைக்காட்சித் தரம், என்று வைத்துக்கொள்வோம். திரையில் 10 மீட்டர் அகல நிலம் நிரம்பும்படி ஜூம் செய்தால் ஒரு பிக்சலுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் சொச்சம். 28 சென்டிமீட்டர் காலணிக்கு ஏறக்குறைய 18 பிக்சல் கிடைக்கும். செருப்பா பூட்ஸா என்று சொல்லிவிடலாம். ஆனால் 10 மீட்டர் என்பது ஒரு பெரிய அறையின் அகலம். அடுத்த வாசலில் யார் நிற்கிறார், தெருமுனையில் யார் வருகிறார் என்பது அப்போது திரையிலேயே இருக்காது. அதைப் பார்க்க 160 மீட்டர் அகலத்துக்கு விரித்தால் ஒரு பிக்சல் 25 சென்டிமீட்டர் ஆகிவிடும். கேமரா 60 டிகிரி சாய்வில் கீழ்நோக்கிப் பார்க்கும்போது நிற்பவரின் உயரம் பாதியாகச் சுருங்கித் தெரியும். 170 சென்டிமீட்டர் ஆள் அப்போது மூன்று பிக்சல் சொச்சம். 110 சென்டிமீட்டர் குழந்தை இரண்டு பிக்சல் சொச்சம். பெரியவருக்கும் குழந்தைக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு பிக்சல்! காலணியைப் பார்க்கும் ஜூமில் குழந்தை சட்டகத்துக்கு வெளியே, குழந்தை உள்ளே வரும் ஜூமில் அது குழந்தை என்றே தெரியாது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதை ஸ்ட்ரா குழாய் வழியாகப் பார்ப்பது போல என்பார்கள்.

இரவில் இன்னும் மோசம். அகச்சிவப்புக் கேமராவில் நிறம் கிடையாது, வெப்பம்தான் வெள்ளையாகவும் கறுப்பாகவும் தெரியும். முடி நிறமெல்லாம் பகல் கேமரா காட்டும் சமாசாரம். காலையும் மாலையும் தரையின் வெப்பம் சுற்றியுள்ள பொருள்களின் வெப்பத்தோடு சமமாகும் நேரம் ஒன்று வரும். அப்போது உருவங்கள் பின்னணியில் கரைந்துபோகும். கையில் இருப்பது மண்வெட்டியா துப்பாக்கியா, டிக்கியில் ஏற்றுவது தண்ணீர்க் கேனா வெடிமருந்தா என்பதை வெப்பம் சொல்லாது. உருவ விளிம்பை வைத்து மூளை ஊகித்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் படத்தின் மேல் ஒரு புகார். வானிலிருந்து எடுத்த காட்சிகள் அத்தனையும் வண்ணத்தில், ஆடாமல் அசையாமல், அழகாக இருக்கின்றன. உண்மையான ட்ரோன் வீடியோ அப்படி இருக்காது: பெரும்பாலும் கறுப்பு வெள்ளை, நடுவில் குறுக்குக்கோடு, ஓரங்களில் எண்கள், சிக்னல் தடுமாறினால் உறைந்து நிற்கும் சட்டகம். சைக்கிள் சிறுவன் காட்சியைப் பார்க்கிற ஒருவர், ஆபரேட்டர் பார்ப்பதும் இதுதான் என்று நினைத்துவிட வாய்ப்பு அதிகம். ஃபாஸ்ட் இதைத் தெரிந்தேதான் செய்திருக்கிறார் என்று தோன்றுகிறது. பெருமை பேசும் குரலுக்கு, அந்தப் பெருமைக்கு ஏற்ற பொய்யான தெளிவைப் படமாகக் கொடுத்திருக்கிறார். இருந்தாலும் விஷயம் தெரியாதவருக்கு இது போய்ச் சேராது.

இன்னொரு சின்னத் திருத்தம். குறி வைப்பதற்கான லேசரைப் பற்றி ஆபரேட்டர் பேசுகிறார். இரவுப் பார்வைக் கண்ணாடி போட்ட தரைப்படையினருக்கு அது வானத்திலிருந்து இறங்கும் ஒளி போலத் தெரியும், மெரீன் வீரர்கள் அதைக் கடவுளின் ஒளி என்பார்கள் என்கிறார். படத்தில் கேட்பவரை உலுக்கும் இடம் இது. நடைமுறையில் இரண்டு வேறு கதிர்கள் உண்டு. வீரர்களுக்கு இடத்தைச் சுட்டிக்காட்டும் அகச்சிவப்புக் கதிர் ஒன்று. அது இரவுக் கண்ணாடியில் தெரியும். ஏவுகணை பின்தொடரும் லேசர் இன்னொன்று, 1,064 நானோமீட்டர் அலைநீளம், சாதாரண இரவுக் கண்ணாடிக்கும் தென்படாது. சாகப்போகிறவருக்கு இரண்டுமே தெரியாது.

ஆபரேட்டர், பைலட் என்ற வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும், ஏனென்றால் படம் அதைக் குழப்புகிறது. பேட்டி கொடுத்தவர் சென்சார் ஆபரேட்டர், ஓஹேர் நடிப்பதோ பைலட். கட்டுப்பாட்டு அறையில் இடப்பக்க நாற்காலி பைலட்டுடையது. விமானத்தை ஓட்டுவதும் ஏவுகணையை விடுவிப்பதும் அவர். வலப்பக்கம் சென்சார் ஆபரேட்டர். கேமராவும் லேசரும் அவர் கையில். மூன்றாவதாக உளவுத் தகவலை ஒருங்கிணைக்கும் ஒருவர். ஹெல்ஃபயர் ஏவுகணை விமானத்தைவிட்டுக் கிளம்பிய பிறகு அதை நிலத்துக்குக் கொண்டுவருவது லேசர் புள்ளி. தூரத்தைப் பொறுத்து 20, 30 நொடிகள்கூட ஆகலாம். அத்தனை நொடியும் புள்ளியை இலக்கின் மேல் பிடித்திருப்பவர் சென்சார் ஆபரேட்டர். பொத்தானை அழுத்தியவர் வேறொருவர், கடைசி நொடி வரை பார்த்தே ஆக வேண்டியவர் இவர். பேட்டிக்கு இவரைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான் சரி.

அந்த நொடிகளுக்குள் என்னென்ன தவறும்? முதலில் சிக்னல் தாமதம். விமானம் ஆப்கானிஸ்தான் வானில். படம் செயற்கைக்கோளுக்குப் போய், ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளத்தில் இறங்கி, கண்ணாடி இழைக் கேபிளில் நெவாடாவின் க்ரீச் விமானத் தளத்துக்கு வருகிறது. போகவர இரண்டு நொடி அளவுக்குத் தாமதமாகும். விமானத்தை மேலே ஏற்றுவதும் இறக்குவதும் ஆப்கானிஸ்தானிலேயே இருக்கும் வேறொரு குழு செய்வது இந்தத் தாமதத்தால்தான். இரண்டு நொடியில், நடந்துபோகிறவர் மூன்று மீட்டர் நகர்ந்திருப்பார். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 28 மீட்டர் தாண்டியிருக்கும். ஏவுகணை வந்து சேரும் 25 நொடியில் ஓடும் குழந்தை 75 மீட்டர் கடந்துவிடும். ஹெல்ஃபயர் வெடிப்பின் கொல்லும் வட்டம் 15 முதல் 20 மீட்டர். சிதறல்கள் அதற்கும் அப்பால் பாயும். யாராவது திடீரென்று சட்டகத்துக்குள் வந்தால் லேசரை ஆளில்லாத இடத்துக்குத் திருப்பி ஏவுகணையை அங்கே விழவைக்க வழி உண்டு. கடைசி சில நொடிகளில் அதுவும் மூடிவிடும்.

வெடித்த பிறகும் வேலை தீராது. புகை அடங்கும் வரை, பல நேரம் அதற்குப் பின்னும், வட்டமடித்துக்கொண்டே சேத மதிப்பீடு செய்ய வேண்டும்: எத்தனை உடல், யார் வந்து எடுத்துப்போகிறார்கள், எங்கே புதைக்கிறார்கள். குண்டு போட்டுவிட்டுத் திரும்பிவிடும் போர்விமானிக்கு இந்தக் கடமை இல்லை. 'விமானத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்' என்ற கேள்வி படத்தில் வருகிறது. பைலட் எரிச்சலோடு வித்தியாசமில்லை என்று தள்ளிவிடுகிறார். பதில் இங்கேதான் இருக்கிறது, படம் அதை அவர் வாயில் வைக்கவில்லை. நல்ல முடிவு.

பைலட்டின் மனநிலையை ஓஹேர் மிகையில்லாமல் செய்திருக்கிறார். மாத்திரை விழுங்குகிறார், கண்ணைச் சுருக்குகிறார், பேச்சை வேறுபக்கம் திருப்புகிறார். கண்ணீர் இல்லை, வாக்குமூலம் இல்லை. இது தகவல்களோடும் பொருந்துகிறது. அமெரிக்க ராணுவச் சுகாதாரக் கண்காணிப்பின் 2013 ஆய்வு, ட்ரோன் பைலட்டுகளுக்கு மனநலக் கோளாறு கண்டறியப்பட்ட விகிதம் வழக்கமான போர்விமானிகளை ஒத்ததே என்றது. 2014-இல் விமானப்படை ஆபரேட்டர்களிடம் நடந்த ஆய்வில் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோயின் தீவிரமான அறிகுறி 4.3 சதவீதம் பேருக்கு இருந்தது. ஆபரேட்டர்கள் எல்லோரும் உடைந்துபோனவர்கள் என்பதும் தவறு, வீடியோ விளையாட்டு ஆடுகிறவர்கள் என்பதும் தவறு. பன்னிரண்டு மணிநேர ஷிப்ட், சுழன்று வரும் இரவுப்பணி, தூக்கமின்மை, ஷிப்ட் முடிந்து லாஸ் வேகஸுக்குச் சுமார் 70 கிலோமீட்டர் காரோட்டி வீட்டில் இரவுச் சாப்பாடு. ஆளைத் தேய்ப்பது இந்த அன்றாடம்தான். ராணுவத்துக்கே இவர்களை எங்கே வைப்பது என்று தெரியவில்லை என்பதற்கு ஒரு பதக்கக் கதை உண்டு: 2013 பிப்ரவரியில் ட்ரோன் ஆபரேட்டர்களுக்கும் கிடைக்கும்படி ஒரு சிறப்புப் பதக்கம் அறிவிக்கப்பட்டது. களத்தில் உயிரைப் பணயம் வைத்தவர்களின் பதக்கங்களுக்கு மேலே அதை வைத்ததாக எதிர்ப்புக் கிளம்பி, ஏப்ரலில் கைவிட்டார்கள்.

மூன்று கதைகளில் முதல் இரண்டைச் சுருக்கமாகத் தாண்டலாம். ரயில் பைத்தியம் ஒருவன் ஓட்டுநர்போல் நடித்து நாள் முழுக்க ரயிலை ஒழுங்காக ஓட்டிவிட்டு, மாலையில் சாவி இல்லாமல் தன் வீட்டுக்குள்ளேயே புகப்பார்த்துப் பிடிபடுகிறான். காசினோ ஓட்டலில் ஆண்களை ஏமாற்றிக் கடன் அட்டைகளைச் சுருட்டும் ஒரு ஜோடி அடுத்து. இரண்டிலும் ஆள்மாறாட்டம், தப்பாக அடையாளம் காண்பது. முதல் கதை நேர்த்தி. இரண்டாவது நீளம், அதன் புத்திசாலித்தனம் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கிறது.

மூன்றாவதுதான் படம். ஒரு அமெரிக்கக் குடும்பம் வார இறுதிப் பயணம் கிளம்புகிறது. அப்பா, அம்மா, பிள்ளைகள், கார். ஆனால் இந்த அமெரிக்கா வேறொரு படையின் ஆக்கிரமிப்பில் இருக்கிறது. சோதனைச் சாவடியில் நின்று காகிதம் காட்ட வேண்டும். தார்ச்சாலையை விட்டு மண்பாதையில் திரும்புகிறார்கள். வழியில் ஒரு வண்டியோடு சில ஆண்கள், கையில் மண்வெட்டி, தரையில் ஏதோ புதைத்துக்கொண்டிருக்கிறார்கள். இருதரப்பும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கின்றன. குடும்பத்தின் கார் மெல்ல அவர்களைக் கடக்கும் நேரத்தில் மேலிருந்து ஏவுகணை வருகிறது. விவரிக்கும் குரல் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. மேலே இருப்பவருக்குத் தெரிந்தது மண்வெட்டி. காரில் இருந்தவர்களின் ஊகம், பயம், நம்பிக்கை எதுவும் அந்தப் பார்வைக்குள் வரவே இல்லை.

இந்தக் காட்சியின் இயந்திரக்கதி எவ்வளவு சரி என்பதற்கு, பேட்டி எடுப்பதற்கு ஏழு மாதம் முன்னால் நடந்த ஒரு சம்பவத்தை வைத்துப் பார்க்கலாம். 2010 பிப்ரவரி 21, ஆப்கானிஸ்தானின் உருஸ்கான் மாகாணம். விடியுமுன் மூன்று வண்டிகள் மலைப்பாதையில் வருகின்றன. பிரிடேட்டர் பல மணிநேரம் தொடர்கிறது. கட்டுப்படுத்தும் குழு க்ரீச்சில், வீடியோவை அலசும் குழு புளோரிடாவின் ஹர்ல்பர்ட் ஃபீல்டில், முடிவெடுக்கும் சிறப்புப்படைக் குழு ஆப்கானிஸ்தானில். இவர்களுக்குள் தகவல் பெரும்பாலும் சாட் வழியே. அலசும் குழு குழந்தைகள் இருப்பதாக எழுதியது. க்ரீச் குழு அதை நம்பத் தயங்கியது, பேச்சில் குழந்தை மெல்ல மெல்லப் பதின்பருவத்துப் பையனானது. வண்டியை நிறுத்தித் தொழுதார்கள். அது தாலிபான் என்பதற்கு அத்தாட்சியாக வாசிக்கப்பட்டது. கடைசியில் சுட்டவை ஹெலிகாப்டர்கள். அமெரிக்கக் கணக்கில் 15 அல்லது 16 பேர் இறந்தார்கள், ஊர்ப் பெரியவர்கள் 23 என்றார்கள், அதில் பச்சைக் குழந்தைகளும் உண்டு. ராணுவத்தின் சொந்த விசாரணையே பிரிடேட்டர் குழுவின் அறிக்கையிடல் துல்லியமற்றது, தொழில்முறைக்கு ஒவ்வாதது என்று எழுதியது. கேமரா கெடவில்லை. மேகம் மறைக்கவில்லை. பார்த்ததற்குப் பெயர் வைத்ததில்தான் எல்லாம் நடந்தது.

தொழில்நுட்பம் மேம்பட்டால் தீர்ந்துவிடும் என்பவர்களுக்குக் காபூல் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 29. இப்போது பிரிடேட்டர் இல்லை, அதைவிடப் பெரிய, கேமராவும் மேலான ரீப்பர். வெள்ளை டொயோட்டா கொரோலா ஒன்றைச் சுமார் எட்டு மணிநேரம் தொடர்ந்தார்கள். அதை ஓட்டியவர் ஒரு உதவி நிறுவனத்தின் ஊழியர், காரில் இருந்தவை தண்ணீர்க் கொள்கலன்கள். ஒரு ஹெல்ஃபயர், அவரும் குடும்பத்தாருமாகப் பத்துப் பேர், அதில் ஏழு குழந்தைகள். ஏவுவதற்கு இரண்டு நிமிடத்துக்கு முன் ஒரு குழந்தை வீடியோவில் இருந்ததைப் பிறகு விமானப்படைத் தலைமை ஆய்வாளர் கண்டார். ஆனால் அதைத் தேடிப் பார்த்தால்தான் புலப்படும் என்றார். தேடியது குழந்தையை அல்லவே. 2021 டிசம்பரில் யாருக்கும் தண்டனை இல்லை என்று முடிந்தது.

இப்போது அந்தக் குறைக்கு வருவோம். மூன்றாவது கதையில் பலியாவது அமெரிக்கக் குடும்பம். பார்வையாளரை அவர் ஊருக்குள்ளேயே வைத்து அடிக்கும் உத்தி. முதல் முறை பார்க்கும்போது வலுவாகவே விழுகிறது. யோசித்தால் உறுத்துகிறது: வெள்ளைக்காரக் குடும்பம் காரில் இருந்தால்தான் பதறுமா? பாகிஸ்தானின் வஜீரிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானின் உருஸ்கானிலும் செத்தவர்கள் படத்தில் ஆளாகவும் இல்லை, ஊராகவும் இல்லை. ஓர் உருவகத்துக்குக் கச்சாப்பொருளாகிவிட்டார்கள். ட்ரோன் வீடியோ அவர்களுக்குச் செய்த அதே வேலையை, நல்ல எண்ணத்தோடு, படமும் செய்துவிடுகிறது. பேட்டி கொடுத்தவர் யாரைக் கொன்றார் என்று சொல்லவில்லை, அதனால் தான் கற்பனைக்குப் போனேன் என்று இயக்குநர் தரப்பில் வாதிடலாம். ஏற்கத்தக்க வாதம்தான். ஆனாலும் 30 நிமிடத்தில் ஒரு நிமிடம்கூடக் கீழிருந்து மேலே பார்க்கும் கண் இல்லாதது இழப்பே.

கீழிருந்து பார்த்தால் என்ன தெரியும்? 2013 அக்டோபரில் வடக்கு வஜீரிஸ்தானைச் சேர்ந்த ஒரு குடும்பம் வாஷிங்டனில் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் முன் பேசியது. வந்து கேட்டவர்கள் ஐந்தே உறுப்பினர்கள். முந்தைய ஆண்டு தாக்குதலில் பாட்டியை இழந்த 13 வயதுச் சிறுவன், தனக்கு இனி நீலவானம் பிடிக்காது, வானம் சாம்பல் நிறமானால் ட்ரோன் வராது என்று சொன்னான். கேட்பவர்கள் இதைக் கவிதைபோல எடுத்துக்கொண்டார்கள். தொழில்நுட்பமாகவே அது சரி. மேகம் கேமராவையும் மறைக்கும், லேசரையும் மறைக்கும். ரேடார் மேகத்தை ஊடுருவிப் பார்த்தாலும் லேசரைப் பின்தொடரும் ஏவுகணையை அதன் வழியே நடத்த முடியாது. பையன் அந்த ஆயுதத்தின் இயக்க வரம்பை அனுபவத்தால் கண்டுபிடித்திருக்கிறான். இப்படி ஒரு வரி ஃபாஸ்டின் படத்தில் இல்லை.

எண்ணிக்கையையும் படம் தொடுவதில்லை. தொடாதது நல்லதுதான், ஆனால் பார்ப்பவர் தெரிந்துகொண்டு போவது உதவும். பாகிஸ்தானில் 2004 முதல் 2018 வரை, லண்டனின் 'பியூரோ ஆஃப் இன்வெஸ்டிகேட்டிவ் ஜர்னலிசம்' கணக்குப்படி இறந்த பொதுமக்கள் 424-க்கும் 969-க்கும் இடையில். அமெரிக்க அரசு 2016 ஜூலையில் வெளியிட்ட கணக்கு, 2009 முதல் 2015 வரை அறிவிக்கப்பட்ட போர்க்களங்களுக்கு வெளியே 473 தாக்குதல்கள், ஆயுதம் ஏந்தாதவர் 64 முதல் 116 பேர் என்றது. காலமும் நாடுகளும் ஒன்றல்ல என்பதால் நேராகக் கழித்துப் பார்க்கக் கூடாது. ஆனாலும் இடைவெளியின் காரணம் ஓரளவு தெரிந்ததே: அரசு பெரிதும் மேலிருந்து எடுத்த வீடியோவையும் உளவுத் தகவலையும் வைத்து எண்ணுகிறது, மற்றவர்கள் உள்ளூர்ச் செய்தியாளர், மருத்துவமனை, உறவினர் வழியாக எண்ணுகிறார்கள். ஆண்டுதோறும் இந்த எண்ணிக்கையை வெளியிட வேண்டும் என்று 2016-இல் வந்த உத்தரவின் அந்தப் பகுதியை 2019 மார்ச்சில் டிரம்ப் ரத்து செய்தார்.

பார்ப்பதற்குச் சில நடைமுறைக் குறிப்புகள். இது திரையரங்குக்காக எடுத்த படமல்ல. கலைக்கூடத்து இருட்டறையில் நிற்காமல் சுழன்று ஓடும்படி அமைத்தது. 2011 வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியிலும் 2013-இல் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்திலும் அப்படித்தான் காட்டினார்கள். எந்த நிமிடத்தில் நுழைந்தாலும் பார்க்கலாம், ஆனால் நுழைந்த இடம் திரும்ப வரும்வரை உட்கார வேண்டும். பாதியில் எழுந்தால் ரயில் கதையை மட்டும் பார்த்துவிட்டு 'இதில் ட்ரோன் எங்கே' என்று கேட்க நேரும். ஹெட்ஃபோன் நல்லது, முகம் கலங்கலாக்கப்பட்டுப் பேசும் ஆபரேட்டரின் குரலில் எங்கே வேகம் கூடுகிறது, எங்கே திணறுகிறது என்பது கைபேசி ஒலிபெருக்கியில் தொலைந்துபோகும். பேட்டி மறுபடி தொடங்கும்போது வசனம் எங்கெங்கே மாறுகிறது என்று குறித்துக்கொண்டு பார்த்தால், இரண்டாம் முறை பார்ப்பது வேறு படமாக இருக்கும். குழந்தைகளோடு பார்க்கும் படமல்ல.

வகுப்பிலோ திரைக் குழுவிலோ காட்டுவதாக இருந்தால் தனியாகக் காட்ட வேண்டாம். மதீஹா தாஹிர் 2013-இல் எடுத்த 'வூண்ட்ஸ் ஆஃப் வஜீரிஸ்தான்' அரை மணி நேரத்துக்கும் குறைவான ஆவணப்படம். தாக்குதலில் உறவினரை இழந்தவர்கள் தங்கள் வாயாலேயே பேசுகிறார்கள். கலை நேர்த்தியில் ஃபாஸ்டின் படத்துக்கு ஈடாகாது, ஆனால் இங்கே இல்லாதது அங்கே இருக்கிறது. வரிசை முக்கியம்: முதலில் தாஹிர், பிறகு ஃபாஸ்ட். மாற்றிப் போட்டால் ஃபாஸ்டின் புதிர்களை அவிழ்க்கும் ஆர்வத்தில் கூட்டம் பேசிக்கொண்டிருக்கும், அடுத்த படத்தில் பேசுகிறவர்கள் வெறும் சாட்சிகளாகச் சுருங்கிவிடுவார்கள். தாஹிரின் படத்தைப் பார்த்துவிட்டு வந்தால், 5,000 அடியிலிருந்து காலணி தெரியும் என்று அந்தக் குரல் பெருமைப்படும் இடத்தில் அறையில் ஒருவரும் தலையாட்ட மாட்டார்கள்.